மைதானத்தில் நெய்த முகம்

2014 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலையன்ஸ் அரீனா கால்பந்து மைதானம். பயர்ன் மியூனிக் அணிக்கும் ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட் அணிக்கும் ஆட்டம் தொடங்கப்போகிறது. அந்த நேரத்தில் தெற்கு ஸ்டாண்டில் ஒரு மனிதரின் உருவம் எழுந்தது. குர்ட் லாண்டவர். அவர் இறந்து 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த உருவத்தை எழுப்பியது கிளப் நிர்வாகம் அல்ல. ஷிக்கேரியா என்ற ரசிகர் குழு.

உருவத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் ஒருவராலும் அப்போது அதைப் பார்க்க முடியவில்லை. அதற்கு அடியில், அதன் நடுவில் அல்லவா அவர்கள் நின்றார்கள்! முழு முகமும் தெரிந்தது எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்குத்தான். அங்கே நின்ற கேமராக்கள் இல்லாவிட்டால், தாங்கள் செய்தது எப்படி இருந்தது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது. ரசிகர்கள் நடத்தும் நினைவேந்தலைப் படம்பிடிப்பது ஏன் இவ்வளவு நுட்பமான வேலை என்பதை இந்த இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

லாண்டவர் யூதர். 1901-இல் பயர்னில் விளையாட வந்தவர், பிறகு அதன் தலைவரானார். 1932 ஜூன் 12 அன்று நியூரம்பெர்க்கில் பயர்ன் தன் முதல் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றபோது தலைவர் அவர்தான். அன்று 2-0 என்று தோற்ற அணி ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட். அதே எதிரணி மியூனிக்குக்கு வந்த நாளில்தான் 2014-இல் அவர் உருவம் எழுந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், 1933 மார்ச்சில் லாண்டவர் பதவி விலகினார். 1938 நவம்பர் 10 அன்று கைதாகி டாஹாவ் வதைமுகாமில் 33 நாட்கள் அடைபட்டார். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் போர்முனையில் நின்றவர் என்பதால் விடுவித்தார்கள். 1939-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அவருடைய உடன்பிறந்தவர்கள் நால்வர் நாஜிகளின் கொலைக்கு இரையானார்கள். அத்தனைக்கும் பிறகு 1947-இல் அதே ஊருக்குத் திரும்பி, அதே கிளப்பின் தலைவராகி, இடிந்துகிடந்ததை எடுத்துக் கட்டினார். 1961-இல் இறந்தார். அதன் பின் பல பத்தாண்டுகள் அவர் பெயரை எடுத்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. ரசிகர்கள்தான் தோண்டி எடுத்தார்கள். 2006 முதல் அவர் பெயரில் இனவெறிக்கு எதிரான ஒரு போட்டித்தொடரை நடத்தினார்கள். 2013-இல் கிளப் அவரைக் கௌரவத் தலைவராக அறிவித்தது. 2014-இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஷிக்கேரியாவுக்கு யூலியஸ் ஹிர்ஷ் விருதை வழங்கியது.

அந்த விருதின் பெயருக்குரியவரையும் அறிந்துகொள்வோம். ஹிர்ஷ், ஜெர்மன் தேசிய அணிக்கு ஆடிய யூத வீரர். 1943-இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. அவரோடு ஆடிய இன்னொரு யூத வீரரான கோட்ஃப்ரீட் ஃபுக்ஸ் 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 கோல் போட்டவர். 1939-இல் கிக்கர் இதழ் தேசிய அணிக்கு ஆடிய அத்தனை வீரர்களின் படத்தொகுப்பை வெளியிட்டபோது, இந்த இருவரின் படங்கள் மட்டும் அதில் இல்லை. ஒருவரை உலகத்திலிருந்து நீக்குவது படத்திலிருந்து நீக்குவதில் தொடங்கியது. ரசிகர்கள் படத்தின் வழியாகவே அவர்களைத் திரும்பக் கொண்டுவருவது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட நாள் 1945 ஜனவரி 27. ஜெர்மனியில் 1996 முதல் அது நினைவு நாள், 2005-இல் ஐ.நா. பொதுச்சபை அதை உலகம் முழுமைக்குமான நினைவு நாளாக்கியது. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களை எண்ணி அன்று உலகம் தலைகுனிகிறது. ஜெர்மன் கால்பந்தில், அந்த நாளை ஒட்டிவரும் ஆட்டங்களில் மைதானங்களே நினைவிடம் ஆகின்றன. அறிவிப்பு வாசிப்பார்கள், மௌனம் காப்பார்கள், ஸ்டாண்டுகளில் பெயர்களும் முகங்களும் எழும்.

அந்த முகங்கள் எப்படி எழுகின்றன?

இந்த ஸ்டாண்டு ஓவியத்துக்கு டிஃபோ என்று பெயர். இரண்டு வழிகளில் செய்கிறார்கள். ஒன்று, வர்ணம் தீட்டிய பெரிய துணியைக் கயிறும் உருளையும் கொண்டு ஏற்றுவது, அல்லது தலைக்கு மேலே கையிலிருந்து கைக்கு விரித்துக்கொண்டே போவது. இன்னொன்று, ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு வண்ணத்தாளை முன்கூட்டியே வைத்துவிடுவது. குறிப்பிட்ட நொடியில் எல்லாரும் தாளைத் தூக்கினால் படம் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டையும் கலந்து, நடுவே துணியும் சுற்றிலும் தாளுமாகச் செய்வார்கள். இந்த இரண்டாம் வழியைத் தேசூரிலோ ஆரணியிலோ பட்டுத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் விளக்கிப்பாருங்கள். பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிடும். அவர் தறியும் அப்படித்தான் வேலை செய்கிறது.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கயிற்றில் கோத்த துளை அட்டைகள் அதிலிருந்து வரிசையாகத் தொங்குகின்றன. நெய்பவர் மிதியை அழுத்தியதும் ஓர் அட்டை பெட்டியின் ஊசிகளை வந்து முட்டும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே புகும். அதோடு இணைந்த கொக்கி மேலே போகும். கொக்கியில் கட்டிய பாவு இழைகளும் எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். இழை அங்கேயே கிடக்கும். எழுந்த இழைகளுக்குக் கீழே நாடா ஓடி, ஜரிகையை விட்டுச் செல்லும். ஓர் அட்டைக்கு ஓர் ஓட்டம். துணியில் உருவாகும் மயிலின் கழுத்து எங்கே வளைகிறது என்று எந்த இழைக்கும் தெரியாது. எழு, எழாதே என்பது மட்டுமே அதற்கு வரும் கட்டளை. மைதானத்தில் தாள் பிடிப்பவருக்கு வரும் கட்டளையும் அவ்வளவுதான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 60 வரிசை, வரிசைக்கு 200 இருக்கை என்று ஒரு ஸ்டாண்டை வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000 தாள்கள். சிவப்பு, வெள்ளை என்று இரண்டே நிறம். 240 கொக்கிகள் உள்ள ஒரு ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை 240 முடிவுகளைச் சுமக்கிறது. 12,000-ஐ 240-ஆல் வகுத்தால் 50. அதாவது, 12,000 பேர் கை தூக்கி உண்டாக்கும் அந்தப் பிரம்மாண்டமான படத்தை 50 அட்டைகளில் துளையிட்டு அடக்கிவிடலாம். ஒரு கையில் பிடிக்கும் கட்டு!

நுட்பம் இதோடு முடியவில்லை. தறிக்கான கிராஃப் தாளில் கட்டங்கள் எப்போதும் சதுரமாக இருப்பதில்லை. ஓர் அங்குலத்துக்குப் பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை இழை என்ற விகிதப்படி அவை நீளும், குறுகும். அதைக் கவனிக்காமல் வரைந்தால் துணியில் அன்னம் வாத்தாகிவிடும். மைதானத்திலும் இதே சிக்கல் உண்டு. இருக்கையின் அகலம் சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 80. ஆனால் ஸ்டாண்டு சரிவாக இருப்பதால் எதிரே இருந்து பார்க்கும்போது அந்த 80 சுருங்கித் தெரியும். எவ்வளவு சுருங்கும் என்பது பார்ப்பவர் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. ஆகவே வரைபவர், பார்க்கும் இடத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப முகத்தை நீட்டியோ குறுக்கியோ வரைய வேண்டும். கேமரா எங்கே நிற்கப்போகிறது என்பது படம் வரையும் நாளிலேயே ஓரளவு தீர்மானமாகிவிடுகிறது. புகைப்படக்காரர் அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் போய் நிற்க வேண்டும். கோல் கம்பத்தின் பின்னால், புல்தரையில் உட்கார்ந்து எடுத்தால் நெற்றி நசுங்கிவிடும்.

வெறும் ஆம், இல்லை என்பவற்றிலிருந்து ஒரு முகம் பிறக்கும் என்பதற்குப் பட்டிலேயே சாட்சி உண்டு. ஜோசப் மரி ஜக்கார்டு பிரான்ஸின் லியோன் நகரில் தன் இயந்திரத்தை வடிவமைத்தது 1804-இல். 1839-இல் அதே நகரில் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். தேவைப்பட்ட அட்டைகள் 24,000. பார்த்தவர்கள் அதைச் செதுக்கு ஓவியத்தின் அச்சு என்றே நினைத்தார்கள். கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு படியை வாங்கி வைத்து, விருந்தினர்களுக்குக் காட்டி வியக்கவைத்தார்.

ஜக்கார்டின் முகத்துக்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஒரு முகத்தை அடையாளம் காண நம் கண்ணுக்கு எவ்வளவு போதும்? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மன் இதைச் சோதித்தார். ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதைத்தார். கிட்டே போனால் கட்டங்கள் மட்டும்தான். தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் லிங்கன்! காரணம் விந்தையானது. தகவல் குறைவு என்பதால் மட்டும் நாம் தடுமாறுவதில்லை. கட்டங்களின் கூர்மையான விளிம்புகள் மூளையைத் திசைதிருப்புகின்றன. கண்ணை இடுக்கியதும் விளிம்புகள் மங்குகின்றன. அடியில் இருந்த முகம் மேலே வருகிறது. மைதானத்தில் அந்த வேலையைத் தூரம் செய்துவிடுகிறது.

இனி எதிர்ப்பக்கம் போவோம். மேல் அடுக்கில், சுமார் 150 மீட்டர் தள்ளி, ஒரு புகைப்படக்காரர். கழுத்தில் பீரங்கிபோன்ற லென்ஸ் தேவை என்று நாம் நினைப்போம். கணக்கு வேறு சொல்கிறது. 150 மீட்டர் தள்ளி நின்று 100 மீட்டர் அகலமான ஸ்டாண்டைச் சட்டகத்துக்குள் அடக்க, 36 மில்லிமீட்டர் அகலச் சென்சார் கொண்ட கேமராவுக்கு 54 மில்லிமீட்டர் குவியத்தொலைவு போதும். நம் ஊர்த் திருமண வீடுகளில் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸே ஏறத்தாழ அது.

அந்தச் சென்சாருக்குள் நடப்பதும் டிஃபோதான். 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள், வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் மேல் விழுந்த ஒளித்துகள்களை எண்ணுகிறது. படம் என்ன என்று எதற்கும் தெரியாது. அவற்றுக்கு நிறமும் தெரியாது. 1970-களில் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சிறு வண்ணத் தடுப்பு. நான்கு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அப்படியானால் பயர்ன் ரசிகர்களின் சிவப்புத் தாளை நேரடியாகப் பார்ப்பது கால்வாசிப் புள்ளிகள்தான். மீதி முக்கால்வாசி இடத்தில் சிவப்பு எவ்வளவு என்பதை அண்டைப் புள்ளிகளைக் கேட்டுக் கேமரா கணக்கிட்டு நிரப்புகிறது. இத்தகைய கேமராவில் எடுத்த ஒவ்வொரு வண்ணப்படத்திலும் பெரும்பகுதி இப்படி ஊகித்து நிரப்பியதே.

அந்தச் சென்சாரின் அகலத்தில் இருப்பவை 6,000 புள்ளிகள். 100 மீட்டருக்கு 6,000 என்றால் ஒரு மீட்டருக்கு 60. அரை மீட்டர்த் தாளுக்கு ஒரு பக்கம் 30 புள்ளிகள், போதும், போதும். தாளுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் ரசிகரின் முகத்துக்கு? 15 சென்டிமீட்டருக்கு 9 புள்ளிகள். ஹார்மனின் லிங்கனைவிடக் கொஞ்சம் குறைவு. தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் விளிம்பு அது. இது வெறும் எண் விளையாட்டு அல்ல. இத்தகைய ரசிகர் குழுக்கள் தங்கள் முகம் படத்தில் வருவதை விரும்புவதில்லை. ஜெர்மனியில் ஒருவரின் உருவத்தின் மேல் அவருக்கே உரிமை உண்டு என்று 1907-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குத் தூண்டுகோல், 1898-இல் பிஸ்மார்க் இறந்துகிடந்த அறைக்குள் இரண்டு புகைப்படக்காரர்கள் திருட்டுத்தனமாக நுழைந்து எடுத்த படம். பெரும் கூட்டத்தைப் பொதுவாக எடுக்க அச்சட்டம் இடம் தருகிறது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு முகத்தைப் பிய்த்தெடுப்பது வேறு சங்கதி. அகலமான சட்டகத்தில் லாண்டவரின் முகம் தெளிவாக இருக்கும். தாங்கிப் பிடித்தவர்களின் முகம் கரைந்திருக்கும். 9 புள்ளிகள் அந்த மரியாதையைத் தாமாகவே காக்கின்றன.

அடுத்தது ஒளி. ஐரோப்பாவின் ஜனவரியில் பிற்பகலிலேயே இருள் கவியும், ஃப்ளட்லைட் எரியும். கண்ணுக்கு அது சீராக எரிவதாகத் தெரிந்தாலும் அங்குள்ள மின்சாரமும் நம் ஊர் மின்சாரம் போலவே நொடிக்கு 50 சுற்றுகள் கொண்ட மாறுதிசை மின்சாரம். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம் வருவதால், பழைய வகை உலோக ஆவி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். எல்.இ.டி. விளக்குகளில் நல்லவை இதைப் பெரும்பாலும் மறைத்துவிடும், எல்லாமும் அல்ல. கேமராவின் ஷட்டரை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தால், விளக்கு மங்கிய நொடித்துணுக்கில் அது மாட்டிக்கொள்ளக்கூடும். அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் வெளிச்சமும் நிறமும் மூன்று விதமாக வரும். ஷட்டரை நூறில் ஒரு பங்கு நொடி திறந்து வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் அதில் அடங்கும், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அவ்வளவு மெதுவான ஷட்டரில் அசையும் கொடியும் ஆடும் கையும் கலங்கிவிடும்.

இங்கேதான் ஒரு நிமிட மௌனம் உதவிக்கு வருகிறது. எழுபதாயிரம் பேர் அசையாமல் நிற்கும் ஒரே தருணம் அது. வேறெந்த நேரத்திலும் கால்பந்து மைதானத்தில் பயன்படாத மெதுவான ஷட்டர் அந்த ஒரு நிமிடத்துக்குப் பயன்படும். ஆனால் அந்த மௌனத்தில் கேமராவின் 'க்ளிக்' ஓசையே அத்துமீறல். ஓசையில்லாமல் எடுக்க மின்னணு ஷட்டர் இருக்கிறது. அதில் எந்தத் திரையும் நகராது. சென்சார் தன் வரிசைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வரும். இதை உருள் ஷட்டர் எனலாம். பல கேமராக்களில் மேல் வரிசையைப் படிப்பதற்கும் கீழ் வரிசையைப் படிப்பதற்கும் நடுவே நொடியின் முப்பதில் ஒரு பங்குவரை ஓடிவிடும். அதற்குள் துடிக்கும் விளக்கு மூன்று முறை ஒளிர்ந்து மங்கியிருக்கும். விளைவு, படத்தின் குறுக்கே வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள். ஆக, மௌனத்தைக் காத்தால் படம் கெடும். படத்தைக் காத்தால் மௌனம் கெடும். இரண்டையும் காக்க வழி, மின்னணு ஷட்டரை வைத்து, அதை நூறில் அல்லது ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்குப் பூட்டிவிடுவது. அப்போது ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்புகள் கிடைக்கும், பட்டைகள் மறையும். விவரம் தெரிந்தவர்கள் இதை முதல்நாளே சோதித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ரசிகர்கள் சிலசமயம் கொளுத்தும் சிவப்புத் தீவட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மன் மைதானங்களில் அதற்குத் தடை; இருந்தும் எரிகிறது. ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகத்தின் உப்புதான் அந்தச் சிவப்பைத் தருகிறது. அதன் ஒளியில் சிவப்பைத் தவிர மற்ற நிறங்கள் மிகக் குறைவு. சிவப்புத் தாளும் சிவப்பாகத் தெரியும். வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும். இரண்டு நிறத்தில் எழுதிய ஒரு பெயர் அந்த ஒளியில் அப்படியே அழிந்துவிடும். நினைவேந்தலுக்கு மெழுகுவர்த்திதான் ஏற்றது. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் அது போடும் வெளிச்சம் ஏறத்தாழ 1 லக்ஸ். முழுநிலவின் ஒளியைவிடச் சில மடங்கு மட்டுமே அதிகம். முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் அதுவே 11 லக்ஸ் ஆகிவிடும். பிடித்திருப்பவர் ஒளிர்வார், பின்னால் நிற்பவர் இருளில் இருப்பார். இடைவெளி பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்ற விதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஃப்ளாஷ் போட்டால் அந்த விதி உண்டாக்கிய அழகு முழுவதும் போய்விடும்.

மீண்டும் துளை அட்டைக்கு வர வேண்டியிருக்கிறது. அதன் கதையில் இன்னொரு கிளை உண்டு. 1880-களில் அமெரிக்கரான ஹெர்மன் ஹோலரித், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான துளை அட்டை முறையை உருவாக்கினார். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ரயில்களில் பயணச்சீட்டின் மேல் நடத்துநர்கள் இடும் துளைகளைப் பார்த்தே அந்த யோசனை வந்ததாக அவர் பின்னாளில் சொன்னார். தலைமுடி வெளிர் நிறமா, கண் கறுப்பா, மூக்கு பெரியதா என்று பயணியின் தோற்றத்தை நடத்துநர் துளைகளால் குறித்துவிடுவார். ஒருவரின் சீட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. துளைகளால் ஆன ஒரு புகைப்படம்! தறியிலும் ரயிலிலும் முகத்தைக் காட்டிய துளை, ஹோலரித்தின் அட்டையில் முகத்தைத் தொலைத்து எண்ணாக மாறியது. ஜெர்மனியில் அந்த இயந்திரங்களை டெஹோமாக் என்ற ஐ.பி.எம். கிளை நிறுவனம் இயக்கியது. 1933-இல் பிரஷ்யாவின் 4 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கணக்கு அதன் அட்டைகளில் ஏறியது. மதம் என்ற பத்தியில் ஒன்றாம் துளை புராட்டஸ்டண்ட், இரண்டாம் துளை கத்தோலிக்கர், மூன்றாம் துளை யூதர். 1939 கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் தாத்தா பாட்டிகள் நால்வரில் எத்தனை பேர் யூதர் என்பதைத் தனி அட்டையில் கேட்டார்கள். நாடுகடத்தும் பட்டியல்கள் நேராக இவற்றிலிருந்தே உருவாயினவா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. மயிலை நெய்த கருவி மனிதரைப் பிரித்துக் குவிக்கவும் உதவியது என்பதில் விவாதம் இல்லை.

ஆஷ்விட்ஸில் புகைப்படமும் அதே வேலைக்குப் பயன்பட்டது. வில்ஹெல்ம் பிராஸ்ஸெ என்ற போலந்துக் கைதி, தொழில்முறைப் புகைப்படக்காரர். சுழலும் நாற்காலியில் கைதியை உட்காரவைத்து மூன்று கோணங்களில் எடுக்கச் சொன்னார்கள். 40,000-க்கும் மேல் எடுத்தார். 1945 ஜனவரியில், சோவியத் படை நெருங்கியபோது, எல்லாவற்றையும் எரிக்கும்படி உத்தரவு வந்தது. பிராஸ்ஸெயும் அவருடைய கூட்டாளியும் முதலில் ஈரமான புகைப்படத் தாள்களை அடுப்பில் திணித்தார்கள். பிறகு படங்களை இடைவெளியே இல்லாமல் அடைத்தார்கள். நெருப்புக்குக் காற்று வேண்டும். காற்றுப் போக வழி இல்லை. ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிடும். தீ அணைந்தது. 38,916 படங்கள் பிழைத்தன. எண்ணாக்குவதற்காக எடுத்த அந்தப் படங்களில்தான் இன்று நாம் அம்மனிதர்களின் முகங்களைப் பார்க்கிறோம்.

இன்னொரு படச்சுருள் அதைவிடவும் அரியது. 1944 ஆகஸ்டில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் ஒரு கேமராவை ரகசியமாகப் பெற்றார்கள். அலெக்ஸ் என்று மட்டும் சொல்லப்பட்ட கிரேக்க யூதர் ஒருவர் நான்கு படங்கள் எடுத்தார். அவர் அல்பெர்ட்டோ எர்ரேரா என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. இரண்டு படங்களில் கறுத்த கதவு நிலை சட்டகம் கட்டி நிற்கிறது. இடுப்போடு வைத்து எடுத்த ஒன்றில் மரங்களின் உச்சி மட்டுமே இருக்கிறது. சுருள் பற்பசைக் குழாய்க்குள் ஒளிந்து கிராகோவ் நகரின் எதிர்ப்பு இயக்கத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. எடுத்தவர் உயிரோடு வெளியே வரவில்லை.

அந்த நொடியில் படச்சுருளுக்குள் நடந்ததை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. ஜெலட்டினுக்குள் மிதக்கும் வெள்ளி புரோமைடுத் துகள்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஒளி படும்போது அதில் வெள்ளி அணுக்கள் கூடத் தொடங்கும். நான்கே அணுக்கள் ஒன்றுகூடினால் போதும், அந்தத் துகள் ஒளியைப் பார்த்துவிட்டதாகக் கணக்கு. கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ எதுவும் தெரியாது. இதை மறைபடிமம் என்கிறார்கள். இருட்டில் வைத்திருந்தால் அது மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். உருத்துலக்கும் திரவத்தில் இட்டதும் அந்த நான்கு அணுக்களைத் தொடக்கமாகக் கொண்டு துகளின் கோடிக்கணக்கான வெள்ளி அயனிகளும் உலோக வெள்ளியாகும். சுமார் 100 கோடி மடங்கு பெருக்கம். தேசூர்ப் பக்கத்துச் சேலையில் பட்டு நூலைச் சுற்றிக் கிடந்து ஜரிகையாக மின்னும் அதே வெள்ளிதான் இங்கே கறுப்பாகி, நடந்ததற்குச் சாட்சி சொல்கிறது.

ரசிகர் ஸ்டாண்டு நினைவைத் தாங்குவது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. 1920-இல் தொடங்கிய கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் ரசிகர்களில் பலர் பிரிவினையில் எல்லை தாண்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 2020 ஜனவரி 19 அன்று மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில், சால்ட் லேக் மைதானத்தில் அவர்கள் தூக்கிய டிஃபோ, இந்த மண்ணைக் காகிதம் காட்டி அல்ல, ரத்தம் கொடுத்துப் பெற்றோம் என்று நினைவூட்டியது. அந்தத் துணி அன்றே சுருட்டப்பட்டது. நாட்டின் மற்ற ஊர்களில் இருந்தவர்கள் அதைக் கண்டது படங்களின் வழியாகத்தான்.

படம் எடுத்தபின் புகைப்படக்காரருக்கு மிச்சமிருக்கும் வேலையைப் பலர் அலுப்பாக நினைக்கிறார்கள். எனக்கு அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. டிஜிட்டல் படக் கோப்புக்குள் எழுத்துக்கும் இடம் உண்டு. நாள், இடம், பெயர்கள், என்ன நடந்தது எல்லாவற்றையும் அதற்குள்ளேயே பதிக்கலாம். சமூக ஊடகத்தில் ஏற்றும்போது அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும் என்பதால் மூலக்கோப்பைத் தனியாக வைக்க வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஷ்விட்ஸ் ஆல்பம் ஓர் உதாரணம். 1944-இல் ரயிலில் வந்திறங்கிய ஹங்கேரி யூதர்களை நாஜிகள் எடுத்த, ஏறத்தாழ 200 படங்கள் கொண்ட தொகுப்பு அது. மனிதர்களின் பெயர்கள் அதில் இல்லை. அவர்களில் உயிர்பிழைத்த லிலி யாகோப் 1945-இல் வேறொரு முகாமில், விடுதலையான நேரத்தில், தற்செயலாக அதைக் கண்டெடுத்தார். புரட்டியபோது தன் ஊரின் யூத குருவும், தன் தம்பிகளும், தானும் அதில் இருந்தார்கள். 1980-இல் ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகத்துக்கு அதைக் கொடுத்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் பார்த்துச் சொன்ன பிறகே அம்முகங்களில் சிலவற்றுக்குப் பெயர் கிடைத்தது.

மியூனிக்கின் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு எழுத வேண்டிய குறிப்பு நீளமானதல்ல. 2014 பிப்ரவரி 2. அலையன்ஸ் அரீனா, தெற்கு ஸ்டாண்டு. பயர்ன் மியூனிக் – ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட் ஆட்டத்துக்கு முன். அமைத்தவர்கள் ஷிக்கேரியா ரசிகர்கள். உருவத்தில் இருப்பவர் குர்ட் லாண்டவர், 1884–1961, கிளப்பின் முன்னாள் தலைவர்.